கூரை மேல் போகும் பாதை

அது விளையாட்டில்லை, பாதை என்று எனக்குத் தோன்றியது ஒரு காலை நேரத்தில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தபோதுதான். கரண்ட் போயிருந்தது. விலங்கியல் கடைசி ஆண்டுத் தேர்வுக்கான படிப்பு விடுமுறை. மடியில் புத்தகம், கையில் விசிறி, தலைக்கு மேல் குரங்குகள்.

சமையல்கட்டுக்கு மேல் ஒரு ‘தொம்’. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துக் கட்டிலுக்கு நேர் மேலே இன்னொன்று. பிறகு வாசல் பக்கம். அப்புறம் எதிர் வீட்டு வேப்பமரம் சலசலக்கும். கொஞ்சம் அமைதி. மறுபடி சமையல்கட்டு, கட்டில், வாசல், வேம்பு. எதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரவில்லை. எதுவும் கூரையில் நின்று உருளவில்லை. காலையில் பூந்தமல்லி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பதால் ஒவ்வொரு காலடியும் வீட்டுக்குள் இடி மாதிரி விழுந்தது.

ஒவ்வொரு முறையும், கட்டிலுக்கு மேல் சத்தம் விழும்போது, தூங்குகிற அப்பாவின் இரண்டு கைகளும் சட்டென்று நெஞ்சுக்கு விலகின. கை விலகிய பிறகு வலது பாதம் ஒரு அமுக்கு அமுக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்கு பவர் பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை டை என்கிற அச்சுக்குள் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து பஞ்ச் இறங்கித் தகட்டை வெட்டும். வை, எடு, மிதி. பகலில் கரண்ட் கட் அதிகமானதிலிருந்து பிரஸ் செக்‌ஷன் ராத்திரியில்தான் ஓடியது. அப்பா சாயங்காலம் சைக்கிளில் போய், மறுநாள் காலை வெயில் ஏறும்போது செந்நீர்குப்பத்துக்குத் திரும்பி வருவார். கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பார். அவர் படுக்கும் நேரமும் குரங்குகள் கூரை மேல் போகும் நேரமும் ஒன்றாக இருந்தன.

அவருடைய பக்கத்து மெஷின்காரருக்கு அந்தக் கோடையில் இரண்டு விரல் போயிருந்தது. மிதித்த பிறகு கையை எடுத்திருக்கிறார். வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். தூக்கக் கலக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா அன்றிலிருந்து, அவர் காலையில் வந்ததும் சைக்கிளை வாங்கி நிறுத்துகிற சாக்கில் அவர் கைகளைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் கஞ்சி ஊற்றுவாள்.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா பகலில் தூங்க வேண்டும்.

தெருவும் தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தது. பட்டாசு வெடித்தார்கள். அதில் அப்பாதான் முதலில் எழுந்து உட்கார்ந்தார். கவணில் கல் வைத்து அடித்தார்கள். கல் ஷீட்டில் விழுந்து ஓட்டையாகி, மழைக்கு அதன் கீழே குண்டான் வைத்தோம். எதிர் வீட்டு அண்ணன் மட்டும் விடாமல் கழியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பார். அவரும் அதே எஸ்டேட்டில் வேறு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் ஃபிட்டர். ஒருநாள் ஓரமாக மாட்டிக்கொண்ட ஒரு குட்டிக் கடுவன், ஆண் குரங்கு, உதட்டை இழுத்து, பல் வரிசை முழுவதையும் காட்டியது.

“பாத்தியா பாப்பா, நான் கழிய தூக்கினு நிக்கறேன், அது இளிச்சிகினு கீது. இன்னா திமிரு.”

“அது சிரிக்கல அண்ணா. பயத்துல பல்லக் காட்டுது. உன்னோட சண்டைக்கு வரலன்னு சொல்லுது.”

அவர் கழியைக் கீழே இறக்கினார்.

“நானும் சூப்பர்வைசர்கிட்ட அப்டிதான் சிரிக்கறேன்.”

எனக்கு அந்தக் குரங்குகள் மேல் கோபம் வரவேண்டும் என்று தெரியும். வரவில்லை, அதுதான் சங்கடம். நடுவகிடு எடுத்த தொப்பி மாதிரித் தலைமயிர், பள்ளிக்கூட போட்டோவுக்கு எண்ணெய் வைத்துச் சீவின பையன்போல. கன்னத்துக்குள் ஒரு பை. கிடைத்ததை எல்லாம் முதலில் அதில் திணித்துவிட்டு, பத்திரமான கிளைக்குப் போன பிறகு புறங்கையால் கன்னத்தை அமுக்கி அமுக்கி வெளியே கொண்டுவந்து மெல்லும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம்தான். இங்கே காலை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நான் விசிறியைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன், அப்பாவுக்கு வியர்க்கும், அம்மா திட்டுவாள்.

கடைசியில் தெருவில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கூட்டத்தில் பெரிய கடுவன் ஒன்று இருந்தது. அகலமான தோள், நடக்கும்போது வால் நுனியைத் தூக்கிப் பிடிக்கும், கொட்டாவி விட்டால் கோரைப்பல் தெரியும். எல்லோரும் அதைத் தலைவர் என்றே கூப்பிட்டார்கள். தலைவரைப் பிடித்து வெளியூரில் விட்டுவிட்டால் மற்றவை தாமாகக் கலைந்துவிடும் என்பது எதிர் வீட்டு அண்ணனின் யோசனை. அவருக்கு அதில் சொந்த அனுபவம் இருந்தது.

“எங்க கம்பெனில சங்கம் எவ்ளோ கெத்தா இருந்துச்சி. தலைவரத் தூக்கி வேற ஊரு பிராஞ்ச்ல போட்டான் பாரு. ஒரே மாசம். கொடி கம்பம் மட்டும்தான் நிக்குது. குரங்கு இன்னா அதுக்கு மேலயா?”

தெருவில் பாதிப்பேர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். எல்லோரும் அதே மாதிரி ஒன்றைப் பார்த்திருந்தார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும் கட்டிலில் படுத்தபடியே, “சங்கம் தலைவரால ஒடையல, ஓவர்டைமால ஒடைஞ்சிச்சி,” என்றார். அது யார் காதிலும் விழவில்லை. என்னிடம் புத்தகம் இருந்தது. ஆனால் அந்தப் புத்தகமும் ஆண் தலைவன் என்றுதான் சொல்லியது. கூட்டம் நகரும்போது அந்தப் பெரிய கடுவன் எப்போதும் நடுவிலோ பின்னாலோ வருவதைப் பார்த்திருந்தேன். சொல்லலாமா என்று நினைத்தேன். அப்பா புரண்டு படுத்தார். பிடிக்கட்டும், ஒரு வாரமாவது தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குரங்கு பிடிக்கிறவர் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து கம்பிக் கூண்டோடு வந்தார். அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் பாத்துக்கலாம் தங்கச்சி,” என்றார். வாழைப்பழத்தைக் கூண்டுக்குள் கட்டிவிட்டுப் பீடி பற்றவைத்தார். பெண் குரங்குகளான மந்திகள் எதுவும் கிட்டே வரவில்லை. தலைவர்தான் வந்தது. அதற்குத்தான் தைரியம் அதிகம். கதவு விழுந்ததும் கூட்டம் முழுவதும் மரத்தில் கத்தியது. கூண்டுக்குள் இருந்தது கத்தவில்லை. கன்னப்பை நிறையப் பழத்தோடு, என்ன செய்வதென்று தெரியாமல், புறங்கையால் கன்னத்தை அமுக்கிக்கொண்டே டெம்போவில் ஏறிப் போனது. அண்ணன் கைதட்டினார். பிறகு அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை அப்பா வந்து படுத்தார். நான் விசிறியோடு காத்திருந்தேன்.

சமையல்கட்டு. கட்டில். வாசல். வேம்பு.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் போனது ஒரு கிழட்டு மந்தி. இடது காது பாதிதான் இருந்தது. மார்பு தொங்கியிருந்தது. அவசரமே இல்லை. ஷீட்டின் முகட்டில் கால் வைத்து, கட்டிலுக்கு மேலே ஒரு கணம் நின்று, சந்துக்கு மேலாக வேம்புக்குத் தாவியது. அதன் பின்னால் அதன் மகள் என்று நான் நினைத்த ஒன்று, வயிற்றில் குட்டியோடு. பிறகு மற்றவை. தலைவர் போனதே அவற்றுக்குத் தெரியாததுபோல் இருந்தது.

தெரியாமல் இல்லை. தெரிந்ததன் பலன் சில நாளில் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கமிருந்து இரண்டு புதிய கடுவன்கள் வந்தன. அதுவரை பெரியவன் ஒருவன் இருந்ததால் தள்ளி நின்றவை. இப்போது கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தன. உள்ளே இருந்த சின்னக் கடுவன்கள் எதிர்த்தன. சண்டை மரத்தில் தொடங்கி எங்கள் கூரையில் முடியும். வழியாக இருந்தது போதாதென்று கூரை இப்போது போர்க்களமும் ஆனது. அப்பா பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். கண் திறந்தபடியே படுத்திருப்பார். கண்ணுக்குக் கீழே சதை கறுத்துத் தொங்கியது.

“தூங்கினியா அண்ணாத்தே?” என்று எதிர் வீட்டு அண்ணன் சாயங்காலத்தில் சங்கடத்தோடு கேட்பார்.

“மேல ஷிப்ட் ஓடிகினு கீது. எங்க தூங்கறது?”

“நான் ஒண்ணு நெனச்சேன், அது ஒண்ணு ஆயிடிச்சி.”

“உடு. உன் ஊட்டு மரத்துலதான எறங்குது, நீ மட்டும் தூங்கினியா இன்னா?”

நான் அப்போதிலிருந்து குடையோடு பக்கத்துக் காலிமனைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கிருந்து பார்த்தால் நெடுஞ்சாலைப் புளியமரங்கள் ஒருபுறம், எங்கள் கூரை நடுவில், அண்ணன் வீட்டு வேம்பு மறுபுறம் என்று எல்லாம் தெரியும். அம்மா அங்கேயே சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “படிக்கச் சொன்னா குரங்கு பின்னாடி ஒக்காந்துகினு கீறா. இதுக்கு ஒரு பட்டம்,” என்று திட்டுவாள். திட்டிவிட்டு அவளும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

அப்படி நின்றபோதுதான் ஒருநாள் தெருக்குழாயடியில் ஒன்றைப் பார்த்தோம். ஒழுகுகிற குழாயில் ஒரு பெரிய மந்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காதறுந்த கிழவியின் கடைசி மகள், பொடிசு, ஒரு கையகலம்தான் முகம், அதன் அருகே போய் நின்றது. சீறக்கூட இல்லை. பெரிய மந்தி பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்து இடம் விட்டது. குரங்குகளில் மகள்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருப்பார்கள், அம்மாவின் மரியாதை மகளுக்கு வரும், ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போவார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

“அப்போ பெரிய எடத்துப் பொண்ணு,” என்றாள். கொஞ்சம் கழித்து, “மாப்ளைங்கதான் மாறிகினே இருப்பானுங்களா? அதான் ஒருத்தனத் தூக்கினா இன்னும் ரெண்டு பேரு வந்துட்டானுங்க,” என்றாள். அதையே நான் பரீட்சையில் எழுதியிருந்தால் ஒரு பக்கம் எடுத்திருக்கும்.

கூட்டத்தின் நிலம், பாதை, தூங்கும் மரம், தண்ணீர் எல்லாம் அந்தக் கிழவியிடம் இருந்தன. எங்கே எப்போது என்ன காய்க்கும், எந்த நேரத்தில் லாரிக்காரர்கள் லாரி நிறுத்தத்து ஆஞ்சநேயர் சன்னதியில் பழம் வைத்துவிட்டு பெங்களூருக்கு வண்டி எடுப்பார்கள் என்பதும் அதற்குத் தெரியும். ராத்திரியைப் புளியமரத்தில் கழித்துவிட்டு, காலையில் எங்கள் கூரை வழியாக வேம்புக்கும், அங்கிருந்து சன்னதிக்கும் கூட்டத்தை அதுதான் கூட்டிக்கொண்டு போகும். சாயங்காலத்தில் அதே வழியில் திரும்பும். அப்போது அப்பா சைக்கிளில் போயிருப்பார்.

ஒருநாள் அப்பா கட்டுப்போட்ட விரலோடு வந்தார். அம்மா சைக்கிளை வாங்கவில்லை. அப்படியே நின்றாள்.

“நகம்தான். வெரல் கீது,” என்றார் அப்பா. விரலை அசைத்துக் காட்டினார்.

அன்று அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. கட்டிலில் படுத்தார். கூரையில் சத்தம் வந்தபோது, கட்டுப்போட்ட கை வழக்கம்போல நெஞ்சுக்குப் போகவில்லை. ஒரு நொடி தாமதித்து, பாதம் அமுங்கிய பிறகுதான் போனது. நான் அதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அம்மாதான் பிறகு, பாத்திரம் துலக்கிக்கொண்டே, சலிப்போடு ஒன்றைச் சொன்னாள். “அந்தப் பூவரசு இருந்த வரைக்கும் இந்த ரோதனயே இல்ல.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு எழுந்து காலிமனைக்கு ஓடினேன். நடுவில் ஒரு அடிமரம், தரையோடு அறுத்தது. நான் இத்தனை நாளும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மனை முன்பு வேலி இல்லாத புறம்போக்கு மாதிரிக் கிடந்தது. பெரிய பூவரசு ஒன்று கிளைகளை ஒருபக்கம் நெடுஞ்சாலைப் புளியமரம் வரை, மறுபக்கம் சந்துக்கு மேல் வேம்பு வரை நீட்டிக்கொண்டு நின்றது. மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி வரை எல்லா வயல்களிலும் மனைக்கல் நட்டார்கள். இதையும் யாரோ வாங்கி, மரத்தை அறுத்து, நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வரவே இல்லை.

குரங்குகள் எங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. அவற்றின் தெருவை யாரோ அறுத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த அடுத்த வழி எங்கள் ஷீட். கிழவி அதில் கால் வைத்தது, மற்றவை பின்னால் வந்தன. அன்றிலிருந்து அதுதான் பாதை.

அப்படியானால் பாதையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன?

எனக்கு ஒரு யோசனை வந்தால் உட்கார முடியாது. அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார். புளியமரத்திலிருந்து காலிமனையைத் தாண்டி அவர் வீட்டு வேம்புக்குக் கயிறு கட்டலாம், லாரி நிறுத்தத்தில் பழைய தார்ப்பாய்க் கயிறு கிடைக்கும், குரங்குகள் மரத்திலிருந்து மரத்துக்குக் கீழே இறங்காமல் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“குரங்குக்கு மேம்பாலமா?” என்றார் வாயில் நுரையோடு.

“ஆமா.”

“நமக்கே பூந்தமல்லில ஒண்ணு கட்ட மாட்டேங்கிறான்.”

ஆனால் துப்பிவிட்டு வந்து, காலிமனையில் நின்று, இரண்டு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தூரம் அதிகம், நடுவில் தொய்யும், ஒரு சவுக்குக் கம்பம் நட வேண்டும் என்றார். சந்துக்கு மேலே மாட்டுவண்டி வைக்கோல் இடிக்காத உயரம் வேண்டும் என்றார். ஃபிட்டருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தலைவரைப் பிடித்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும்.

அப்பாவிடம் சொன்னபோது கண்ணை மூடியபடியே கேட்டார்.

“ஒத்தக் கயிறா?”

“ஆமாப்பா.”

“ஆடும். குட்டியக் கட்டிகினு ஆடற கயித்துல எவளும் ஏற மாட்டா. ரெண்டு கயிறு போட்டு நடுவுல குறுக்க கட்டு. ஏணியப் படுக்க வெச்ச மாதிரி.”

அவ்வளவு பேசியதே அவருக்குக் களைப்பாகிவிட்டது. “கட்டு, கட்டு,” என்று முனகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வலது பாதம் ஒருமுறை அமுங்கியது.

இப்போது கயிறு எங்கள் வாசலில் சுருண்டு கிடக்கிறது. டீசலும் புளியும் கலந்த ஒரு வாடை. இந்த ஒரு வாரமாக நானும் அம்மாவும் குறுக்குக் கயிறுகளைப் பின்னிக்கொண்டிருக்கிறோம். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அம்மா நடுநடுவே நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, “இதுல ஏறலன்னா?” என்கிறாள். ஏறாமலும் போகலாம். புதிதாக ஒன்றைக் கண்டால் குரங்குக் கூட்டத்தில் குட்டிகள்தான் முதலில் தொட்டுப் பார்க்கும், கிழடுகள் கடைசியில்தான் வரும். ஆனால் குட்டிகள் போகிற வழியில் கூட்டம் போகாது. கிழவி போகிற வழியில்தான் போகும். கயிற்றில் பழம் கட்டலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். பழம் தீர்ந்ததும் பழைய வழிக்குப் போய்விடும். பூவரசுக் கொழுந்தும் பூவும் அவை விரும்பித் தின்னும். மாங்காட்டுப் பக்கம் ஒரு வேலியில் பூவரசு நிற்கிறது. கேட்டு வெட்டி வந்து கயிறு நெடுக இலையோடு செருகப் போகிறோம். மிச்சக் கொம்புகளைக் காலிமனை ஓரமாக நட்டுவைப்போம். பூவரசு கொம்பு நட்டாலே பிடித்துக்கொள்ளும். மனைக்காரர் வந்து பிடுங்கும் வரை வளரட்டும்.

புதிய கடுவன்கள் இரண்டும் இப்போது சண்டை போடுவதில்லை. நேற்று சாயங்காலம் புளியமரக் கிளையில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன; ஒன்று மற்றதன் முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. “கூட்டணி வெச்சிகினானுங்க பாப்பா,” என்றார் அண்ணன், கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டே. அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, காதறுந்த கிழவி உட்கார்ந்து கடப்பாரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் சன்னதிக்குப் போன பிறகு, அண்ணன் புளியமரத்தில் ஏறுகிறார். நான் வேம்பில். அப்பாவுக்கு அன்று வார விடுமுறை, தானும் வருவதாகச் சொன்னார். அம்மா விடவில்லை, அவர் படுக்கட்டும் என்கிறாள். சாயங்காலம் கூட்டம் திரும்பி வரும்போது கிழவி எதில் கால் வைக்கும் என்று தெருவே பார்க்கும். நானும் பார்ப்பேன். ஆனால் அது கணக்கில் வராது. அப்பா திங்கள் சாயங்காலம் வேலைக்குப் போய்விட்டு வந்து படுப்பது செவ்வாய்க்கிழமை காலை. அன்று நான் காலிமனைக்குப் போகப் போவதில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைகளைப் பார்க்கப் போகிறேன்.